அமெரிக்கச் சந்தையில் தங்கியிருத்தலைக் குறைப்பது: எமது நிலைப்பாடு

2026 ஜூலை 1ஆம் திகதி, கனடா–அமெரிக்கா–மெக்சிக்கோ வர்த்தக உடன்படிக்கை தனது முதலாவது கூட்டு மறுபரிசீலனைக்கு வருகிறது. மூன்று நாடுகளும் உடன்பட்டால் அதன் ஆயுள் 2042 வரை நீளும். ஒரு நாடு தயங்கினாலும் ஆண்டுக்கொரு தடவை உட்கார்ந்து பேச வேண்டும். இணக்கம் வராவிட்டால் 2036இல் அது காலாவதியாகும். இடையில் எந்த நாடும் ஆறு மாத அறிவித்தல் கொடுத்துவிட்டு வெளியேறலாம். அந்த நாளுக்கு முன்பாக எமது நிலைப்பாட்டைப் பொதுவில் வைக்கிறோம்.

நாம் ரொறன்ரோ பெரும்பாகத்தில் வாழும் தமிழ்த் தொழிலாளர்களும் பாரவூர்திச் சாரதிகளும் சிறுதொழில் நடத்துவோரும் சேர்ந்த அமைப்பு. எமது உறுப்பினர்களில் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்டில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். வின்ட்சர் பாலத்தைக் கிழமைக்கு இருமுறை கடந்து டிட்ரோயிட்டுக்கும் ஒஹாயோவுக்கும் பாரம் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். உணவுப் பொருள் தயாரித்து நியூ ஜேர்சிக் கடைகளுக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வொஷிங்டனில் ஓர் ஆணை கையெழுத்தாகும்போது அதன் விளைவை ஒட்டாவாவுக்கு முன்பாக உணர்வது இவர்கள்தான்.

கனடா அமெரிக்கச் சந்தையில் தங்கியிருப்பதைக் குறைக்க வேண்டும் என்பதில் எமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் இது ஒரு தேர்தல் காலத்துக்குள் முடிகிற வேலை அல்ல. செலவில்லாத வேலையும் அல்ல. அந்தச் செலவு யார் தலையில் விழப்போகிறது என்பது இன்னும் வெளிப்படையாகப் பேசப்படவில்லை. ஒரு வல்லரசை விட்டு விலகுவதாகச் சொல்லிக்கொண்டு இன்னொன்றின் பிடிக்குள் போவதை நாம் எதிர்க்கிறோம். பேச்சுவார்த்தை மேசையில் அகதிகளின் உரிமை விட்டுக்கொடுப்பாக வைக்கப்படுவதையும் எதிர்க்கிறோம். அமெரிக்கா இல்லாமலே வாழ்வது எமது குறிக்கோள் இல்லை. வொஷிங்டன் நியாயமற்ற ஒரு நிபந்தனையை வைக்கும்போது முடியாது என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் காலையில் தொழிற்சாலையைத் திறக்கக்கூடிய நாடாகக் கனடா இருக்க வேண்டும். எந்தக் கொள்கையையும் நாம் இந்த அளவுகோலால்தான் மதிப்பிடுகிறோம்.

தங்கியிருத்தல் எங்கே இருக்கிறது

கனடாவின் பொருள் ஏற்றுமதியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பல ஆண்டுகளாக அமெரிக்காவுக்கே போயிருக்கிறது. இந்தக் கணக்கை எல்லோரும் சொல்கிறார்கள். இதை மட்டும் கேட்பவருக்கு, நாம் விற்கிறோம், அவர்கள் வாங்குகிறார்கள், வாங்குபவர் முரண்டு பிடித்தால் வேறொருவரைத் தேடலாம் என்று தோன்றும். நிலைமை அதைவிட ஆழமானது. பல துறைகளில் நாம் அவர்களுக்கு விற்பதில்லை. இரு நாடுகளும் சேர்ந்து ஒரே பொருளைச் செய்கின்றன.

1965 ஜனவரியில், டெக்சஸிலுள்ள ஜனாதிபதி ஜோன்சனின் பண்ணையில் வைத்து அவரும் பிரதமர் லெஸ்டர் பியர்சனும் வாகன உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதன் பிறகு தெற்கு ஒன்ராறியோவும் மிச்சிகனும் வாகனத் தொழிலைப் பொறுத்தவரை ஒரே பட்டறையாகிவிட்டன. ஒரு வண்டி முழுமையாவதற்குள் அதன் சில பாகங்கள் ஆறேழு தடவை எல்லையைக் கடக்கும். ஒரு பக்கம் வார்த்து, மறுபக்கம் கடைந்து, திரும்ப இந்தப் பக்கம் பூட்டி, கடைசியில் அந்தப் பக்கம் விற்பனைக்குப் போகும். 2022 பெப்ரவரியில் வின்ட்சரையும் டிட்ரோயிட்டையும் இணைக்கும் அம்பாசடர் பாலத்தை ஆர்ப்பாட்டக்காரர்கள் மறித்தபோது, ஒரு கிழமைகூட முடியவில்லை, எல்லையின் இரு பக்கமும் வாகன ஆலைகள் வேலையைக் குறைத்தன. பாகங்களைக் களஞ்சியத்தில் சேர்த்துவைக்காமல், தேவைப்படும் மணிநேரத்தில் கொண்டுவந்து இறக்கும் முறையில் நடக்கும் தொழில் இது.

2025 ஏப்ரலில் கனடாவில் செய்த வாகனங்களுக்கு அமெரிக்கா 25 சதவீதத் தீர்வை விதித்தது. உடன்படிக்கையின் விதிகளுக்கு அமைந்த உதிரிப்பாகங்களுக்கு அப்போது விலக்குக் கிடைத்தது. எமது உறுப்பினர்களில் பலர் தப்பிவிட்டோம் என்று நினைத்தார்கள். ஆனால் வண்டி பூட்டும் ஆலை நின்றால் பாகத்துக்கு என்ன வேலை? அதே ஆண்டு ஒக்டோபரில் ஸ்டெல்லான்டிஸ் நிறுவனம், பிராம்ப்டனில் செய்யவிருந்த ஜீப் கொம்பஸ் வண்டியை இலினோய்க்கு மாற்றுவதாக அறிவித்தது. அந்த ஆலையில் ஏறக்குறைய 3,000 தொழிலாளர்கள். அதே மாதம் ஜெனரல் மோட்டர்ஸ் இங்கர்சோலில் மின்சார விநியோக வண்டி செய்வதை முடித்துக்கொண்டது. இந்த ஆலைகளைச் சுற்றி இருக்கை, கம்பிச்சரம், கதவுக் கீல் என்று செய்து கொடுக்கும் சிறு தொழிற்சாலைகளில்தான் எம்மவர்கள் அதிகம். அங்கே ஒருவரிடம் போய் ‘ஜேர்மனிக்கு விற்றுப் பாருங்கள்’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவர் செய்வது குறிப்பிட்ட ஒரு வண்டியின் குறிப்பிட்ட ஒரு கதவுக்கான கீல். அதற்கு உலகத்தில் வேறு வாங்குபவர் கிடையாது.

உருக்கிலும் இதே கதைதான். 2025 மார்ச்சில் 25 சதவீதமாகத் தொடங்கிய தீர்வை ஜூனில் 50 சதவீதமானது. சூ செய்ன்ற் மரி நகரிலுள்ள அல்கோமா உருக்காலைக்கு ஒட்டாவாவும் ஒன்ராறியோவும் சேர்ந்து 500 மில்லியன் டொலர் கடன் கொடுத்தன. அப்படியிருந்தும் டிசம்பர் தொடக்கத்தில் ஏறக்குறைய 1,000 பேருக்கு வேலைநீக்க அறிவித்தல் போனது. அந்த நகரில் அந்த ஆலையை விட்டால் அதே சம்பளத்துக்கு வேறு வேலை தேடுவது எவ்வளவு கடினம் என்பதை அங்கே ஒருமுறை போனவர்களும் அறிவார்கள்.

பலரும் பேசாத இன்னொரு தங்கியிருத்தல் நிலத்துக்கடியில் ஓடுகிறது. அல்பேர்ட்டாவின் எண்ணெய் ஒன்ராறியோவின் சார்னியா சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வருவது கனடா வழியாக அல்ல. ‘லைன் 5’ என்ற குழாய் விஸ்கொன்சினையும் மிச்சிகனையும் ஊடறுத்து, மக்கினோ நீரிணையின் அடியால் வருகிறது. 2020 நவம்பரில் மிச்சிகன் ஆளுநர் அந்தக் குழாயை மூடும்படி உத்தரவிட்டார். சூழலைப் பற்றிய அவரது கவலையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நாம் ஸ்காபரோவில் அடிக்கும் பெற்றோலும் பியர்சன் விமான நிலையத்து விமானங்களின் எரிபொருளும் வேறொரு நாட்டின் நீதிமன்றங்களில் ஊசலாடியதை எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

முன்பும் முயன்ற நாடு இது

இன்று ஒட்டாவாவில் பேசப்படுவது புதிய யோசனை அல்ல. 1957இல் பிரதமரான ஜோன் டீஃபன்பேக்கர், அமெரிக்காவிலிருந்து செய்யும் இறக்குமதியில் 15 சதவீதத்தைப் பிரிட்டனுக்குத் திருப்பப்போவதாக அறிவித்தார். பிரிட்டன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, அப்படியானால் முழுச் சுதந்திர வர்த்தகமே செய்வோம் என்று முன்வந்தபோது, ஒட்டாவா பின்வாங்கியது. வாங்குவதும் விற்பதும் கடைகளும் கம்பனிகளும் செய்கிற காரியம். பிரதமர் கையைக் காட்டியதும் கப்பல் திரும்பிவிடாது.

1971 ஓகஸ்ட் 15இல் ஜனாதிபதி நிக்சன் இறக்குமதி மீது 10 சதவீத மேலதிக வரி விதித்தார். எப்போதும்போல எமக்கு விலக்குத் தருவார்கள் என்று ஒட்டாவா எதிர்பார்த்தது, தரவில்லை. சில மாதங்களில் வரி நீங்கிவிட்டது, அதிர்ச்சி நீங்கவில்லை. அடுத்த ஆண்டு வெளியுறவு அமைச்சர் மிச்சல் ஷார்ப் மூன்று தெரிவுகளை வைத்தார். உள்ளபடியே தொடர்வது ஒன்று. அமெரிக்காவோடு இன்னும் நெருங்குவது இன்னொன்று. கனடாவின் பொருளாதாரத்தைப் பலப்படுத்தி அமெரிக்காவின் நடவடிக்கைகளால் எளிதில் பாதிக்கப்படும் நிலையைக் குறைப்பது மூன்றாவது. பியர் ட்ரூடோ அரசு மூன்றாவதைத் தேர்ந்தது. 1976இல் ஐரோப்பிய சமூகத்தோடு ஒரு சட்டக உடன்படிக்கை செய்தார்கள். ஜப்பானோடும் செய்தார்கள். அந்நிய முதலீட்டைப் பரிசீலிக்க ஒரு முகவரகம் அமைத்தார்கள்.

பிறகு நடந்தது என்ன? அந்தக் கொள்கை தொடங்கியபோது கனடாவின் ஏற்றுமதியில் அமெரிக்காவின் பங்கு 70 சதவீதத்துக்கு அருகே இருந்தது. 2000ஆம் ஆண்டில் அது 85 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இடையில் 1988 தேர்தல் முழுக்க அமெரிக்காவுடனான சுதந்திர வர்த்தகம் பற்றியே நடந்தது. அதை ஆதரித்த பிரதமர் பிரயன் மல்ரோனி வென்றார். 1989 ஜனவரி 1இல் அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

இதை வைத்து ‘முயன்று பயனில்லை’ என்று வாதிடுபவர்கள் உண்டு. நாம் வேறுவிதமாக வாசிக்கிறோம். 1970களில் அரசு வெளிநாட்டில் கையெழுத்திட்டது. உள்நாட்டில் ரயில் பாதையையோ துறைமுகத்தையோ கிழக்கு மேற்காக ஓடும் குழாயையோ போதியளவு கட்டவில்லை. பிரிட்டன் 1973இல் ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்தபோது, பொதுநலவாய நாடு என்று கனடா அனுபவித்த சலுகை கரைந்தது. அதற்கு ஒட்டாவாவிடம் மாற்று ஏற்பாடு இல்லை. ஐரோப்பாவில் யாருக்கு எதை எப்படி விற்பது என்று சிறு கம்பனிகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை. தூரமும் ஒரு காரணம். ஸ்காபரோவிலிருந்து பஃபலோ இரண்டு மணிநேர ஓட்டம். வான்கூவருக்குப் பாரவூர்தியில் நான்கைந்து நாள் வேண்டும். இந்தப் பூகோளத்தை எந்த உடன்படிக்கையும் மாற்றாது. அதை எதிர்த்து ஓட விரும்பினால் காசு கொட்டிக் கட்ட வேண்டும், பல தசாப்தங்களுக்குத் தொடர்ந்து கட்ட வேண்டும்.

இன்று கனடாவிடம் 15 சுதந்திர வர்த்தக உடன்படிக்கைகள் இருக்கின்றன. அவை 51 நாடுகளைத் தொடுகின்றன. ஐரோப்பாவுடனானது 2017 முதலும் பசுபிக் நாடுகளுடனானது 2018 முதலும் நடைமுறையில் உள்ளன. இத்தனையும் கையில் இருக்கும்போதுதான் 2025இல் நாம் இப்படி அகப்பட்டோம். பதினாறாவது உடன்படிக்கையை அறிவிக்கும் அமைச்சரிடம், முதல் பதினைந்தில் எமது உறுப்பினர்கள் போன்ற சிறு ஏற்றுமதியாளர்களில் எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்று கேட்க விரும்புகிறோம்.

விட்டுக்கொடுத்ததன் பலன்

‘ஒத்துப்போவோம், கோபம் தணியும்’ என்ற வாதத்தையும் நாம் நேர்மையாகப் பரிசீலித்தோம். கடந்த காலம் அதற்குச் சாட்சி சொல்லவில்லை.

2024 டிசம்பரில் எல்லைப் பாதுகாப்புக்கென 1.3 பில்லியன் டொலர் திட்டத்தை ஒட்டாவா அறிவித்தது. 2025 பெப்ரவரியில் ஃபென்டனைல் போதைமருந்துக் கடத்தலைத் தடுக்கத் தனி ஆணையாளர் நியமிக்கப்பட்டார். மார்ச்சில் தீர்வை வந்தது. ஜூன் இறுதியில், பெரிய இணைய நிறுவனங்கள் மீதான டிஜிட்டல் சேவை வரியை, முதல் தவணை கட்ட வேண்டிய நாளுக்குச் சற்று முன்பாக, பேச்சுவார்த்தை தொடர வேண்டும் என்பதற்காகக் கனடா கைவிட்டது. ஓகஸ்ட் 1இல் உடன்படிக்கைக்கு வெளியேயுள்ள பொருட்களுக்குத் தீர்வை 35 சதவீதமாக ஏறியது. செப்டெம்பர் 1இல் கனடா தனது பதில் தீர்வைகளில் பெரும்பகுதியை நீக்கியது. ஒக்டோபர் 23இல், ஒன்ராறியோ அரசு வெளியிட்ட ஒரு விளம்பரத்தில் முன்னாள் ஜனாதிபதி ரேகனின் 1987ஆம் ஆண்டு வானொலி உரை பயன்படுத்தப்பட்டதைக் காரணம் காட்டி ஜனாதிபதி ட்ரம்ப் பேச்சுவார்த்தையையே முறித்தார்.

ஒவ்வொரு விட்டுக்கொடுப்புக்கும் தனித்தனியாக நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் கொடுத்ததற்கு ஈடாக எதையும் எழுத்தில் பெறவில்லை. ஆகவே ஜூலை மறுபரிசீலனையில், எதையாவது விட்டுக்கொடுப்பதானால் அதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன, அது எந்தத் திகதியில் நடைமுறைக்கு வரும் என்பதை நாடாளுமன்றத்தில் முன்கூட்டியே வைக்க வேண்டும் என்று கோருகிறோம். பாற்பண்ணை, உருக்கு, வாகனம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து விலை பேசும் முறையையும் எதிர்க்கிறோம். அப்படிப் பேசினால் மாகாணம் மாகாணத்துக்கு எதிராக நிற்கும்.

புதிய நட்புகள்

2026 ஜனவரியில் டாவோஸில் பேசிய பிரதமர் மார்க் கார்னி, பழைய உலக ஒழுங்கு திரும்பி வராது என்றும் நடுத்தர வலுவுள்ள நாடுகள் சேர்ந்து இயங்க வேண்டும் என்றும் சொன்னார். அந்தக் கணிப்போடு நாம் உடன்படுகிறோம். சேர்வது யாரோடு, எந்த நிபந்தனையில் என்பதில்தான் எமக்குக் கவனம் தேவைப்படுகிறது.

சீனாவோடான கதையைப் பாருங்கள். 2018 டிசம்பரில் அமெரிக்காவின் கோரிக்கையின் பேரில் ஹுவாவே அதிகாரி மெங் வான்ஷோவை வான்கூவரில் கனடா கைதுசெய்தது. சில நாட்களில் இரண்டு கனேடியர்கள் சீனாவில் பிடிபட்டார்கள். ஆயிரம் நாட்களுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். 2024 ஒக்டோபரில், அமெரிக்காவோடு ஒத்துநின்று சீன மின்சாரக் கார்களுக்குக் கனடா 100 சதவீதத் தீர்வை போட்டது. அதற்குப் பதிலாக 2025 மார்ச்சில் சீனா கனடாவின் கனோலா எண்ணெய்க்கும் பிண்ணாக்குக்கும் பட்டாணிக்கும் 100 சதவீதம் போட்டது. ஓகஸ்டில் கனோலா விதைக்கு 75.8 சதவீத வைப்புத்தொகை. அதே காலத்தில்தான் அமெரிக்காவும் கனடாவின் மீது தீர்வை ஏற்றிக்கொண்டிருந்தது. அமெரிக்காவுக்குத் துணைநின்றதற்காகச் சீனாவிடம் அடி, துணைநின்றபின்னும் அமெரிக்காவிடம் அடி. சஸ்காச்சுவான் விவசாயி இரண்டு வல்லரசுகளின் கணக்கையும் தன் வயலில் தீர்க்க வேண்டியிருந்தது.

2026 ஜனவரியில் கார்னி பெய்ஜிங் போனார். ஆண்டுக்கு 49,000 சீன மின்சாரக் கார்களை 6.1 சதவீதத் தீர்வையில் அனுமதிக்கவும், பதிலுக்குச் சீனா கனோலா விதை மீதான தீர்வையைப் பெருமளவு குறைக்கவும் இணங்கினார்கள். சில நாட்களிலேயே, சீனாவோடு ஒப்பந்தம் செய்தால் 100 சதவீதத் தீர்வை என்று ட்ரம்ப் மிரட்டினார். எமது அமைப்புக்குள் இதைப் பற்றிக் கருத்து ஒன்றல்ல. கனோலாவைக் காப்பாற்ற வாகனத் தொழிலாளியைக் கைவிடுகிறார்கள் என்று உதிரிப்பாக ஆலைகளில் வேலைசெய்யும் உறுப்பினர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மேற்கு மாகாண விவசாயியை இழந்துவிட்டு ஒரு நாட்டுக் கொள்கை நிற்காது என்பதும் உண்மை. எனவே நாம் எடுத்த முடிவு இது: குறிப்பிட்ட பொருளுக்குக் குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட காலத்துக்குச் சீனாவோடு வர்த்தகம் செய்யலாம். துறைமுகம், தொலைத்தொடர்பு வலையமைப்பு, அரிய கனிமச் சுரங்கம் ஆகியவற்றின் உரிமையைக் கொடுக்கக் கூடாது. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் சீன நிறுவனமொன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனதைப் பார்த்த தீவிலிருந்து வந்தவர்கள் எம்மில் பெரும்பாலோர். கடன்காரரை மாற்றிக்கொண்டதால் கடன் குறையவில்லை என்பதை அங்கே கண்டோம்.

இந்தியாவோடு வர்த்தகம் வளர வேண்டும் என்பதில் எமக்கு இயல்பான விருப்பம் உண்டு. எமது உறுப்பினர்களின் பருப்பும் அரிசியும் மசாலாவும் துணியும் அங்கிருந்துதான் வருகின்றன. சஸ்காச்சுவானின் மைசூர்ப் பருப்பு அங்கேதான் போகிறது. 2023இல், கனேடிய மண்ணில் ஒரு கனேடியக் குடிமகன் கொல்லப்பட்டதில் இந்திய முகவர்களுக்குத் தொடர்பு இருப்பதாகக் கனடா குற்றஞ்சாட்டியது, இந்தியா மறுத்தது, 2024 ஒக்டோபரில் இரு நாடுகளும் ஒன்றின் இராஜதந்திரிகளை மற்றொன்று வெளியேற்றின. 2025இல் உறவு சீராகத் தொடங்கியது. உயர் ஸ்தானிகர்கள் திரும்பினார்கள். ஆண்டு முடிவதற்குள் விரிவான பொருளாதார உடன்படிக்கைக்குப் பேசுவதென முடிவாயிற்று. இதை வரவேற்கிறோம். அதே வேளை, வழக்கும் விசாரணையும் தமது வழியில் நடக்க வேண்டும். சந்தை வேண்டுமென்பதற்காக இந்த நாட்டில் வாழும் எந்தச் சமூகத்தின் பாதுகாப்பையும் பேசாப்பொருளாக்க முடியாது. கொழும்பு விடயத்தில் நாம் இதைத்தான் கேட்கிறோம், டெல்லி விடயத்திலும் இதைத்தான் கேட்போம். 2010இல் இலங்கைக்கான ஜி.எஸ்.பி. பிளஸ் தீர்வைச் சலுகையை ஐரோப்பிய ஒன்றியம் மனித உரிமைக் காரணங்களுக்காக நிறுத்தியபோது அதை ஆதரித்தவர்கள், இன்று வர்த்தகமும் உரிமையும் வேறுவேறு என்று சொல்ல முடியாது.

ஐரோப்பாவோடு நெருங்குவதை முழுமனதோடு ஆதரிக்கிறோம். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. 2017இல் தற்காலிகமாக நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை இன்னும் எல்லா உறுப்பு நாடுகளாலும் உறுதிசெய்யப்படவில்லை. 2024 மார்ச்சில் பிரெஞ்சு செனட் அதை நிராகரித்தது. பாதுகாப்புக் கொள்முதலில் ஐரோப்பாவோடு சேர்ந்தது நல்லது. ஆனாலும் வடஅமெரிக்க வான்பாதுகாப்பு 1950களிலிருந்தே கூட்டு ஏற்பாடு. அதிலிருந்து கனடா கழன்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

புள்ளிவிபரங்களையும் நிதானமாக வாசிக்க வேண்டும். 2025 மே மாதத்தில் கனடாவின் ஏற்றுமதியில் அமெரிக்காவின் பங்கு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது என்று பலர் மகிழ்ந்தார்கள். அந்த மாற்றத்தில் பிரிட்டனுக்குப் போன தங்கத்துக்கும் பங்கு உண்டு. தங்கக் கட்டி லண்டன் பெட்டகத்துக்குப் போவதால் பிராம்ப்டனில் ஒருவருக்கும் வேலை கிடைப்பதில்லை.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது

சந்தையைத் திருப்புவது சாத்தியம் என்பதற்கு ஓர் உதாரணமும் எச்சரிக்கை ஒன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. டிரான்ஸ் மவுன்டன் குழாயின் விரிவாக்கம் 2024 மேயில் திறந்தது. அல்பேர்ட்டாவிலிருந்து பசுபிக் கரைக்கு நாளொன்றுக்கு 890,000 பீப்பாய் எண்ணெய் கொண்டுபோகும் வசதி வந்தது. முன்பு கனடாவின் எண்ணெய் ஏற்றுமதி கிட்டத்தட்ட முழுவதும் அமெரிக்காவுக்குத்தான். இப்போது ஆசியாவுக்குக் கப்பல் போகிறது. அமெரிக்க வாங்குபவர் கொடுக்கும் விலையை மட்டுமே ஏற்க வேண்டிய நிலை சற்றுத் தளர்ந்தது. ஆனால் 2013இல் 5.4 பில்லியன் டொலர் என்று சொன்ன வேலை 34 பில்லியனில் முடிந்தது. தனியார் கைவிட்டு, 2018இல் அரசு வாங்கி, பதினொரு ஆண்டுகள் எடுத்தது. முதற்குடிகளில் சிலர் எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2018இல் நீதிமன்றம் அனுமதியையே இரத்துச் செய்தது, கலந்தாலோசனை போதாது என்று. புதிய துறைமுகமோ ரயில் பாதையோ கனிமச் சாலையோ, எதுவானாலும் முதற்குடிகளின் சம்மதமும் உரிமைப் பங்கும் முதல் நாளிலிருந்தே வேண்டும். அவர்களைத் தாண்டிக்கொண்டு போவது விரைவான வழி என்று நினைத்தவர்களுக்கு அதுவே மிக மெதுவான வழியாயிற்று.

2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டம், அமெரிக்கா தவிர்ந்த ஏற்றுமதியைப் பத்தாண்டுகளில் இரட்டிப்பாக்குவதாகச் சொல்கிறது. வர்த்தகப் பாதைகளுக்கென 5 பில்லியன் டொலர் ஒதுக்குகிறது. டிரான்ஸ் மவுன்டன் ஒன்றே 34 பில்லியன் விழுங்கியதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இலக்கு பெரிது, பணம் சிறிது. அந்த இடைவெளியை அரசு மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மாகாணங்களுக்கு இடையிலான தடைகளைப் பற்றி நீண்ட காலமாகப் பேசுகிறோம். கியூபெக்கில் வாங்கிய பியரை நியூ பிரன்ஸ்விக்குக்குக் கொண்டுவந்த ஒருவருக்கு விதித்த தண்டம், 2018இல் உச்ச நீதிமன்றம் வரை போய்ச் செல்லுபடியாகும் என்று தீர்ப்பானது. எமக்கு இது பியர்க் கதை அல்ல. ஸ்காபரோவில் ஒருவர் மட்டன் ரோல்ஸ் செய்து ஒன்ராறியோ முழுவதும் விற்கலாம். மொன்றியலில் உள்ள தமிழ்க் கடைக்கு அனுப்ப வேண்டுமானால் கூட்டாட்சி உரிமம் வேண்டும், இறைச்சியும் கூட்டாட்சி உரிமம் பெற்ற இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பில் தளர்வு கேட்கவில்லை. ஒரு மாகாணத்தில் சாப்பிடப் பாதுகாப்பானது, ஆற்றைத் தாண்டினால் நஞ்சாகாது என்பதைச் சட்டம் ஏற்க வேண்டும் என்கிறோம். 2025 ஜூனில் நிறைவேறிய சட்டம் கூட்டாட்சித் தடைகளை மட்டுமே தொடுகிறது. மாகாணங்களின் உரிமங்கள், பாரவூர்தி எடை விதிகள், தாதியரும் மின்னியலாளரும் மாகாணம் மாறும்போது மறுபடி ஏறி இறங்க வேண்டிய படிகள் ஆகியவற்றில் இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

சிறு ஏற்றுமதியாளரின் உண்மையான சிக்கல் எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் தீர்வை ஏற்கெனவே பூச்சியத்துக்கு அருகில்தான். தடுப்பது வேறு: அங்குள்ள லேபல் விதிகள், பரிசோதனைச் சான்றிதழ், பொருளின் மூலநாட்டை நிரூபிக்கும் பத்திரம், பணம் வந்துசேர எடுக்கும் 90 நாள். பஃபலோவிலுள்ள வியாபாரி தொலைபேசியில் பேசி, கிழமையில் காசு அனுப்புவார். ரொட்டர்டாமில் உள்ளவரைத் தெரியாது. அந்த 90 நாளைத் தாங்கும் கடன் வசதியும், வாங்கியவர் கொடுக்காவிட்டால் ஈடுசெய்யும் காப்புறுதியும் பத்துப் பதினைந்து பேர் வேலைசெய்யும் கம்பனிகளுக்குக் கிடைக்க வேண்டும். ஏற்றுமதி அபிவிருத்தி நிறுவனம் இதற்கென்றே இருக்கிறது. அதன் படிவங்களும் ஆலோசகர்களும் பெரிய கம்பனிகளை நோக்கியே அமைந்திருக்கின்றன என்பது எமது உறுப்பினர்களின் அனுபவம்.

செலவை யார் சுமப்பது

சந்தை மாறும்போது இடையில் சில ஆண்டுகள் வெறுமையாக இருக்கும். பழைய வேலை போய்விடும், புதியது வந்திருக்காது. அந்த ஆண்டுகளைச் சுமப்பவர்கள் தொழிலாளர்கள்.

வேலைக் காப்புறுதி சம்பளத்தின் 55 சதவீதத்தைத்தான் தருகிறது. 2025இல் அதன் உச்சம் கிழமைக்கு 695 டொலர். ஸ்காபரோவில் இரண்டு அறை வீட்டின் வாடகையைக் கட்டியபின் அதில் என்ன மிஞ்சும் என்று எவரும் கணக்குப் பார்க்கலாம். தகுதி பெற, வாழும் பிரதேசத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணிநேரம் வேலைசெய்திருக்க வேண்டும். ஏஜென்சி மூலம் இன்று ஓர் ஆலை, நாளை இன்னொன்று என்று அனுப்பப்படும் புதுவரவாளர்கள் அந்த மணிநேரத்தைச் சேர்ப்பதற்குள் ஆலை மூடிவிடுகிறது. அவர்களை லே-ஓஃப் செய்ததாகக்கூட எங்கும் பதிவாவதில்லை. 2025இல் ஒரு கிழமைக் காத்திருப்பைத் தற்காலிகமாக நீக்கியது நல்லது, போதாது. தீர்வையால் பாதிக்கப்பட்ட துறைகளில் உதவித்தொகை 75 சதவீதமாக வேண்டும்; தகுதி நாடெங்கும் 420 மணிநேரமாக வேண்டும்; ஏஜென்சித் தொழிலாளியின் மணிநேரத்தை அவர் உண்மையில் நின்ற ஆலையின் கணக்கில் சேர்க்க வேண்டும். தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கடனும், எத்தனை பேரை எத்தனை ஆண்டு வேலையில் வைத்திருப்பது என்ற எழுத்துபூர்வ நிபந்தனையோடு போக வேண்டும். நிபந்தனை பகிரங்கமாக இருக்க வேண்டும்.

அகதிகள் விடயத்தில் எமக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். 2010இல் எம்.வி. சன் சீ கப்பலில் 492 பேர் வந்தார்கள். எமது அமைப்பில் உள்ள பலர் இந்த நாட்டின் அகதிச் சட்டத்தால் உயிர் தப்பியவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். 2023 மார்ச்சில் அமெரிக்காவோடான பாதுகாப்பான மூன்றாம் நாடு உடன்பாடு தரை எல்லை முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 2025 ஜூனில் எல்லைப் பாதுகாப்பின் பெயரில் வந்த சி-2 சட்டமூலம், நாட்டுக்குள் வந்து ஓராண்டு கடந்தபின் தஞ்சம் கோருவோரின் விண்ணப்பத்தை அகதிச் சபைக்கு அனுப்பாமல் தடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பின்னர் அந்த ஏற்பாடு சி-12இற்கு மாற்றப்பட்டது. மாணவராக வந்தவரின் ஊரில் இரண்டாம் ஆண்டில் போர் மூண்டால் அவர் எங்கே போவது? 1983 கறுப்பு ஜூலைக்கு முன் வந்து படித்துக்கொண்டிருந்த தமிழ் மாணவர்களுக்கு அன்று இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எமது மூத்த உறுப்பினர்கள் கேட்கிறார்கள். வொஷிங்டனைத் திருப்திப்படுத்த எல்லையைக் காட்ட வேண்டுமென்றால் துப்பாக்கிக் கடத்தலைத் தடுக்கட்டும். தஞ்சம் கோரும் உரிமையை அந்தக் கணக்கில் எழுதக் கூடாது.

எம்மிடையே முழு உடன்பாடு இல்லாத இடங்கள் உண்டு. வின்ட்சர் வழியில் ஓடும் சாரதிகளில் சிலர், சந்தையைத் திருப்பும் பேச்சு தமது பாரத்தைக் குறைக்கும் என்று இந்த அறிக்கைக்கு எதிராக வாக்களித்தார்கள். அவர்களின் பயம் பொய்யல்ல. ஆகவேதான் கிழக்கு–மேற்குப் பாதையில் வேலை வருவதற்கு முன்பாகத் தெற்குப் பாதையைச் சுருக்கும் எந்த நடவடிக்கையையும் நாம் ஆதரிக்கவில்லை என்பதை அவர்களின் வற்புறுத்தலால் இங்கே சேர்த்திருக்கிறோம்.

ஜூலை 1க்கு முன்பாக எமது பகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவரிடமும், எந்தக் கட்சியானாலும், எழுத்தில் மூன்று கேள்விகள் கேட்கிறோம். மறுபரிசீலனையில் கனடா எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நீங்கள் கருதுகிறீர்கள்? தீர்வையால் வேலையிழந்தவருக்கு 75 சதவீத உதவித்தொகையை ஆதரித்து வாக்களிப்பீர்களா? தஞ்சக் கோரிக்கைக்கான ஓராண்டு எல்லையை நீக்க வாக்களிப்பீர்களா? வரும் பதில்களை, பதில் தராதோரின் பெயர்களோடு சேர்த்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வெளியிடுவோம்.